கண்மாய்க்கு வரும் பறவைகளை ஊரார் பார்க்க வசதி செய்ய வேண்டும், பணத்துக்கு எங்கே போவது?

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில். ஊர்ப் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, போட்டால் அடுத்த ஞாயிறே கரையில் இன்னும் பத்துக் கார் நிற்கும்.

விஷயம் இதுதான். ஐப்பசி, கார்த்திகையில் மழை ஒழுங்காகப் பெய்து கண்மாய் பெருகினால் பறவைகள் வந்து குவிந்துவிடும். நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா, வக்கா, கூட்டம் கூட்டமாக நீர்க்காகம், நல்ல வருஷமாக இருந்தால் கூழைக்கடாவும் கரண்டிவாயனும். கண்மாய்க்கு உள்ளே வனத்துறை எப்போதோ நட்ட நாட்டுக் கருவேலந்தோப்பு இருக்கிறது, கூடு எல்லாம் அதில்தான். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறார்கள், கரை மேலேயே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்துகிறார்கள், ஒருவர் ட்ரோன் விட்டு மொத்தத் தோப்பையும் கிளப்பிவிட்டார். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு பைனாகுலரைத் தொட்டுக்கூடப் பார்த்தது கிடையாது. 'நாரை', 'கொக்கு' என்ற இரண்டு பெயரிலேயே எல்லாப் பறவையும் முடிந்துவிடுகிறது.

ஊர் இளைஞர் மன்றத்தில் கொஞ்சம் பேர் சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்று பார்க்கிறோம். ஒரு பார்வைக் கோபுரம், நாலைந்து பைனாகுலர், பறவைப் படம் போட்ட பலகை, பிள்ளைகள் உட்கார ஒரு நிழல், இவ்வளவுதான் எண்ணம். தெரிந்த இன்ஜினியர் ஒருவரிடம் கேட்டால் கோபுரத்துக்கே சில லட்சம் ஆகும் என்கிறார். கையில் இருப்பது திருவிழா வசூலில் மிஞ்சிய காசு. எம்.எல்.ஏ. நிதியில் கேட்கலாமா, கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்கு என்று தரும் சி.எஸ்.ஆர். பணம் கிடைக்குமா, இணையத்தில் வசூல் செய்யலாமா? சிங்கப்பூரிலும் துபாயிலும் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், தருவார்கள். இந்த மாதிரி வேலை செய்து அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ஒன்றியத்துப் பழசு:

தம்பி, பணத்தைப் பற்றிப் பேசும் முன்னால் கண்மாய் யாருடையது என்று பாருங்கள். ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீரில் பாசனமாகும் நிலம், 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்குக் கீழே என்றால் ஒன்றியக் கண்மாய். அதற்கு மேலே போனால் நீர்வளத் துறை, நாம் பழக்கத்தில் பொதுப்பணித் துறை என்று சொல்வோமே, அவர்களுடையது. உள்ளே இருக்கும் மரம் வனத்துறை கணக்கில் இருக்கும். இந்த மூன்றில் யாரிடம் போக வேண்டும் என்று தெரியாமல் மனு போட்டால் அது ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்கு நடந்துகொண்டே இருக்கும். இருபது வருஷம் அந்த மேஜைகளுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவன் சொல்கிறேன்.

அடுத்து கிராம சபைத் தீர்மானம். வருஷத்துக்கு ஆறு சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒன்றில் தீர்மானம் ஏற்றி நகல் வாங்கிவிடுங்கள். நீங்கள் எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கிற தாள் அதுதான். பல மாவட்டங்களில் 2025 ஜனவரியில் தலைவர் இல்லாமல் தனி அலுவலர் நிர்வாகம் வந்தது, உங்கள் ஊரில் இன்னும் அப்படி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலரையே (பி.டி.ஓ.) நேரில் பார்த்துவிடுவது நல்லது.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி வருஷத்துக்கு 3 கோடி, எம்.பி. நிதி 5 கோடி. கேட்பவர்கள் எல்லாரும் நிழற்குடை, நாடக மேடை, ஆழ்குழாய்க் கிணறு என்றுதான் கேட்பார்கள், பறவை பார்க்கும் கோபுரம் என்று யாராவது போய்க் கேட்டால் புதுசாக இருக்கிறதே என்று காது கொடுக்க வாய்ப்பு உண்டு. ஆனால் கட்டிக் கொடுப்பதோடு சரி. அப்புறம் பெயிண்ட் அடிக்க, உடைந்த படியை மாற்ற ஒரு ரூபாய் அதிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். 'நமக்கு நாமே' திட்டம் 2021இல் மறுபடி கொண்டுவந்தார்கள், மூன்றில் ஒரு பங்கு ஊர் போட்டால் மீதியை அரசு போடும். திருவிழாக் காசு அந்த ஒரு பங்குக்கு ஆகுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மடையான்:

கோபுரம் வேண்டாம் என்று சொல்ல வந்தேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் போகிறவன் நான். கோபுரம் கட்டிய கண்மாய்கள் எத்தனையோ பார்த்தாயிற்று. பாதியில் ஏணி துருப்பிடித்துப் பூட்டுத் தொங்கும், மீதியில் மேலே பாட்டில் கிடக்கும். அதெல்லாம் போகட்டும், பறவைக்கு அது என்ன செய்கிறது என்று யோசியுங்கள். வெட்டவெளியில் வானத்துக்கு எதிரே ஒரு ஆள் உருவம் எழுந்து நின்று கையை ஆட்டினால் வாத்துகளும் கூழைக்கடாக்களும் எதிர்க்கரைக்குப் போய்விடும். லட்சக்கணக்கில் செலவழித்துப் பறவையைத் தூரமாக்கியதுதான் மிச்சம்.

அதற்குப் பதில் கரையிலேயே தட்டி கட்டுங்கள். தென்னங்கீற்றோ பனையோலையோ, ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்பு, அதில் பார்க்க நீளவாக்கில் துவாரம். பெரியவர்களுக்கு ஒரு உயரம், பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் ஒரு உயரம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து தட்டி வரைக்கும் நடக்கிற பாதைக்கும் ஓரமாகக் கொஞ்சம் மறைப்பு வேண்டும், இதைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். தட்டிக்குப் பின்னால் வந்த பிறகு ஒளிந்து என்ன பயன், நடந்து வரும்போதே பறவை எழுந்துவிட்டதே! கீற்று வருஷா வருஷம் மாற்ற வேண்டியிருக்கும், அது நல்லதுதான், ஊரில் யாருக்காவது வேலை. நீர்நிலைக்குள் நிரந்தரக் கட்டடம் என்றால் அனுமதிக்கே மூச்சு முட்டும், நீதிமன்றம் வரைக்கும் போய்விடும். கழற்றி மாட்டுகிற தட்டிக்கு அந்தத் தலைவலி குறைவு, இருந்தாலும் கண்மாய் யார் பொறுப்போ அவர்களிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிச்சத்தையும் பாருங்கள். நம் பக்கத்தில் நிலம் பெரும்பாலும் கிழக்கே, தென்கிழக்கே சரியும், அதனால் கண்மாய்க்கரையும் அந்தப் பக்கம்தான் இருக்கும். கிழக்குக் கரையில் நின்றால் காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால், பறவை பளிச்சென்று தெரியும். சாயங்காலம் அதே இடத்தில் நின்றால் கண் கூசும், எல்லாம் கறுப்பு உருவமாகத்தான் தெரியும். ஆகவே பிள்ளைகளைக் காலையில் கூட்டிப் போங்கள்.

பைனாகுலர் 8x42 (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டுவது) போதும், பத்தாயிரத்துக்குள் உருப்படியானது கிடைக்கிறது. 20x, 30x என்று எழுதியதைப் பார்த்து ஏமாறாதீர்கள், கையில் பிடித்தால் படம் ஆடும், பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. என்னைக் கேட்டால் ஐந்து பைனாகுலர் வாங்குவதை விட இரண்டு பைனாகுலரும் முக்காலியில் வைத்துப் பார்க்கும் சின்னத் தொலைநோக்கி, ஸ்பாட்டிங் ஸ்கோப் என்பார்கள், அதில் ஒன்றும் வாங்குங்கள். ஸ்கோப்பைத் தோப்பைப் பார்க்க வைத்துவிட்டால் முப்பது பிள்ளைகள் வரிசையில் வந்து ஒரே கூட்டைப் பார்த்துவிடலாம், 'எங்கே சார், எங்கே சார்' என்ற கேள்வியே இருக்காது.

கணக்குப்பிள்ளை:

வசூல் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன், பறவை எனக்குத் தெரியாது.

சி.எஸ்.ஆர்.: 2013 கம்பெனிகள் சட்டப்படி நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சுற்றுச்சூழல், தாவரங்கள், விலங்கினங்கள் பாதுகாப்பு அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கிறது, அதனால் உங்கள் வேலை தலைப்புக்குள் வரும். சிக்கல் எங்கே என்றால் உங்கள் மன்றத்துக்கு அவர்கள் நேராகக் காசோலை தர முடியாது. பதிவு பெற்ற அறக்கட்டளையோ சங்கமோ வேண்டும், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு வேண்டும், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எண்ணும் வேண்டும், அதற்கு மேல் இதே மாதிரி வேலையில் மூன்று வருஷ அனுபவமும் காட்ட வேண்டும். புதிதாக ஒரு டிரஸ்ட் ஆரம்பித்து இந்த வருஷமே வாங்கிவிடலாம் என்றால் நடக்காது. ஏற்கனவே இயங்கும் ஒரு இயற்கை அமைப்பின் வழியாக வாங்கி அவர்கள் செலவுக் கணக்கை வைத்துக்கொண்டால் முடியும்.

வெளிநாட்டுப் பணத்தில் கவனம். துபாயில் இருப்பவர் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து தன் சம்பாத்தியத்தைத் தந்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா தந்தால் ஆகும், அவர் நம் ஊரில் பிறந்தவராக இருந்தாலும் சரி, வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும் சரி. வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு (எஃப்.சி.ஆர்.ஏ.) இல்லாமல் சங்கத்துக் கணக்கில் அதை வாங்கக் கூடாது. ஊர் வாட்ஸப் குழுவில் ஜி-பே எண்ணைப் போட்டு 'எல்லாரும் அனுப்புங்க' என்று ஆரம்பித்துவிடாதீர்கள், பிறகு எந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து, ரசீதுப் புத்தகம். இது மூன்றும் இல்லாமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றியக் கண்மாய்தான், விசாரித்துவிட்டேன். கோபுரத்தை விட மனசு வரவில்லை, இருந்தாலும் மடையான் சொன்ன முதுகுக்குப் பின்னால் சூரியன் விஷயம் எங்கள் கரைக்கு அப்படியே பொருந்துகிறது.

இன்னொரு பிரச்சினை, முதலிலேயே எழுதியிருக்கலாம். மீன்பாசி, அதாவது கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை, குத்தகைக்கு எடுத்தவர் பறவைகளை விரட்ட வெடி போடுகிறார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. கட்லா, ரோகு குஞ்சு வாங்கி விட்டது எல்லாம் நீர்க்காகம் வயிற்றுக்குப் போகிறது என்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, ஏலத்தில் பணம் கட்டி எடுத்தவர். சரணாலயமாக அறிவிக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். அது சரியா?

புளியமரத்தடி:

வெடி போடுகிற கண்மாயில் தட்டி கட்டி, ஸ்கோப் வாங்கி வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? திருவிழாக் காசு, துபாய்க் காசு எதுவாக இருந்தாலும் முதலில் அந்தக் குத்தகைக்காரரிடம்தான் போக வேண்டும். ஸ்கோப் அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.

இதற்கு நல்ல உதாரணம் கர்நாடகத்தில் மாண்டியா மாவட்டத்து கொக்கரெ பெள்ளூர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் ஊருக்கு நடுவில், வீட்டுக் கொல்லைப் புளியமரத்தில் கூடு கட்டும். கூடு இருக்கிற மரத்தில் புளி உலுக்க முடியாது, எச்சம் விழுந்து மரமும் கெடும், வீட்டுக்காரருக்கு நஷ்டம். வனத்துறை அந்த மரங்களுக்கு இழப்பீடு தருகிறது. ஊரிலேயே இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லெ பளகா' என்று ஒரு குழு வைத்துக் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து வளர்த்து விடுகிறார்கள். இன்றைக்கும் அந்த ஊரில் தெருவில் நின்று அண்ணாந்தால் நாரைக் கூடு தெரிகிறது, கோபுரம் எதுவும் தேவைப்படவில்லை. இழப்பீடு தாமதம், போதவில்லை என்ற மனக்குறை அங்கேயும் உண்டு, ஆனால் நஷ்டப்படுகிறவர் யார் என்று பார்த்து அவருக்குப் பணம் போக வேண்டும் என்ற கணக்கு சரியானது.

இன்னொன்று, உங்கள் குத்தகைக்காரரிடம் யாராவது உட்கார்ந்து பேசினீர்களா? நத்தைகுத்தி நாரைக்குப் பெயரே அதன் தீனியைச் சொல்கிறது, அது மீனுக்கு வரவில்லை, நத்தைக்கு வருகிறது. அரிவாள்மூக்கன் சேற்றில் புழு, பூச்சி, நண்டு கிண்டுகிறது. மீனுக்குப் போட்டி என்றால் நீர்க்காகம், பாம்புத்தாரா, கூழைக்கடா. வெடி போட்டால் எல்லாம் சேர்ந்து எழும், கொஞ்ச நேரத்தில் நீர்க்காகம்தான் முதலில் திரும்பி வரும், கூட்டில் முட்டையோடு இருந்த நாரைதான் நஷ்டப்படும். அவருக்கும் வெடிச் செலவு. குஞ்சு விடுகிற இடத்தில் மட்டும் சின்னதாக வலை கட்டி, குஞ்சு விரல் நீளம் வளர்கிற வரை உள்ளே வைத்திருந்து திறந்துவிட்டால் இழப்பு நிறையக் குறையும். அந்த வலைக்கு நீங்கள் பணம் கொடுங்கள்.

ஒன்றியத்துப் பழசு:

புளியமரத்தடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மீன்பாசி ஏலம் பசலிக் கணக்கு, ஜூலை முதல் ஜூன் வரை. நடுவில் போய் நிபந்தனை போட முடியாது. அடுத்த பசலிக்கு ஏலம் விடும்போதே 'வெடி வைக்கக் கூடாது, கருவேலந்தோப்புப் பக்கம் வலை வீசக் கூடாது' என்று ஏல நிபந்தனையில் சேர்க்கச் சொல்லி கிராம சபையில் தீர்மானம் வாங்குங்கள். ஏலத்தொகை கொஞ்சம் குறையும், குறைந்தால் ஊராட்சி வருமானம் போச்சே என்று ஒருவர் எழுந்து கத்துவார். அந்த வித்தியாசத்தை மன்றம் கட்டுகிறது என்று நீங்கள் எழுந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஊர்ப் பொதுவில் நீங்களே ஏலம் எடுத்துவிடுங்கள், மீன்பிடித் திருவிழாவும் கோடையில் வழக்கம்போல நடக்கட்டும், தண்ணீர் வற்றும்போது கூடும் காலியாகிவிடும்.

சரணாலயம் என்று இப்போதைக்கு வாயைத் திறக்காதீர்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2022இல் சரணாலயம் ஆகி 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலுக்கும் போனது, அங்கே அது பொருத்தம், நகரத்து ஓரத்துக் குளம். உங்கள் ஊரில் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கே 'ஆடு மேய்க்க விடமாட்டான், மண் எடுக்க விடமாட்டான், மீன் போச்சு' என்று ஊர் இரண்டாகிவிடும். இங்கே பக்கத்திலேயே கொள்ளுக்குடிப்பட்டி இருக்கிறதே, வேட்டங்குடிச் சரணாலயம், அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. அரசு உத்தரவு போட்டு வந்த பழக்கம் இல்லை அது. அங்கிருந்து இரண்டு பெரியவர்களை உங்கள் சபைக்கு அழைத்து வந்து பேச வையுங்கள், நீங்கள் பத்துப் பேர் பேசுவதை விட அது எடுபடும். ஆயக்கட்டு விவசாயிகளிடம் வேடந்தாங்கல் கதையைச் சொல்லுங்கள், எச்சம் கரைந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அந்த ஊரார் காலங்காலமாகப் பறவைகளைக் காத்தவர்கள், 1798இல் அன்றைய கலெக்டரிடமே போய்ச் சுடத் தடை உத்தரவு வாங்கியவர்கள்.

முக்கியமாக ஒன்று விட்டுப்போச்சு. அந்தக் கருவேலந்தோப்பு சமூகக் காடு என்றால் அது வெட்டி ஏலம் விடுவதற்காகவே நட்டது. வெட்டு எப்போது என்று வனத்துறையில் இப்போதே கேட்டு, கூடு இருக்கும் பகுதியை விட்டுவைக்கச் சொல்லி மனு கொடுங்கள். அதே சமயம் சீமைக் கருவேலம் அகற்றுகிறோம் என்று ஜே.சி.பி. வந்தால் பக்கத்திலேயே நில்லுங்கள், ஓட்டுகிறவருக்கு நாட்டுக் கருவேலமும் சீமையும் ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை:

நானும் கேமராவோடு வருகிற கூட்டத்தில் ஒருவன், திட்டுங்கள். ஆனால் எங்களிடம் ஏன் யாரும் காசு கேட்பதில்லை? ஒடிசாவில் சிலிகா ஏரி ஓரத்தில் மங்களாஜோடி போயிருக்கிறேன். ஒரு காலத்தில் பறவையைப் பிடித்து விற்ற ஆட்களே இன்றைக்குப் படகோட்டிகளாகவும் வழிகாட்டிகளாகவும் இருக்கிறார்கள், மோட்டார் கிடையாது, கழி ஊன்றித் தள்ளுகிற படகு. படகுக்கு இவ்வளவு என்று கட்டணம், சந்தோஷமாகக் கொடுத்தோம். பெட்ரோல் போட்டு மதுரையிலிருந்து வருகிறவனுக்கு ஐம்பது ரூபாய் பெரிசில்லை. வண்டி நிறுத்தக் கட்டணம் வாங்குங்கள், கரையில் ஏறவிடாமல் உபரித் தண்ணீர் வெளியேறும் கலுங்குப் பக்கமே நிறுத்த வையுங்கள்.

மடையான்:

கட்டணம் வாங்கலாம், ஆனால் ஊராட்சி ரசீதில் வாங்க வேண்டும். மன்றத்துப் பையன் கரையில் நின்று கையில் வாங்கினால் ஒரே மாதத்தில் சண்டை வரும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் ஆயக்கட்டுக்காரர்களுக்கும் கட்டணம் என்ற பேச்சே கூடாது. அப்புறம் படம் எடுக்கிறவர்கள் ஆசைக்காகத் தீனி போட்டுக் கூப்பிடுவது, கூட்டுக்குப் பக்கத்தில் மறைவிடம் போட்டு வாடகைக்கு விடுவது, இதெல்லாம் நல்ல காசு வரும், அதனாலேயே சீக்கிரம் ஆரம்பித்துவிடுவார்கள். ஆரம்பத்திலேயே கூடாது என்று எழுதி வைத்துவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை, உங்களைத் திட்டவில்லை. ட்ரோன் விட்டது நீங்கள் இல்லை என்றால்.

ஞாயிற்றுக்கிழமை:

இல்லை சாமி!

கண்மாய்க்கரை:

மன்றத்தில் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். கோபுரத்தைத் தள்ளி வைத்துவிட்டோம், இரண்டு பேருக்கு இன்னும் வருத்தம். குத்தகைக்காரரை நேரில் பார்த்துப் பேசினோம். குஞ்சு வளர்க்கும் வலைக்குப் பாதிப் பணம் மன்றம் தந்தால் தோப்புப் பக்கம் வெடி போடுவதை நிறுத்துகிறேன் என்றார், எதிர்க்கரையில் போடுவேன் என்கிறார், அதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. ஜனவரி 26 சபைக்குத் தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஏல நிபந்தனையும் தோப்பை வெட்டாமல் விடுவதும் ஒரே தீர்மானமாக வைக்கலாமா, இல்லை தனித்தனியாக வைக்க வேண்டுமா?

ஒன்றியத்துப் பழசு:

தனித்தனியாக வையுங்கள். ஏல நிபந்தனை ஊராட்சி கையில் இருக்கிறது, அன்றைக்கே முடிவாகும். தோப்பு வனத்துறைக்குப் போக வேண்டிய கோரிக்கை, நகலை மாவட்ட வன அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இரண்டையும் சேர்த்து எழுதினால் ஒன்றுக்கு ஆட்சேபம் வந்தாலும் இரண்டும் நின்றுபோகும்.